கழிமுகத்தின் சுவை

பங்குனி ஒன்பதாம் நாள், காலை ஏழு மணி. கழிமுகத்துத் தண்ணீரால் அவள் வாய் வெந்திருந்தது.

உதட்டின் உட்புறம் மூன்று புண்கள். நாக்கின் ஓரத்தில் ஒன்று.

கழுத்து நனையத் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, இரண்டு கைகளாலும் இறாலை அமுக்கிப் பிடிப்பது அவள் தொழில். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பற்களால் கவ்விக்கொள்ள வேண்டும். கைகளுக்கு வேறு வேலை கொடுக்க முடியாது.

அந்தத் தண்ணீர் இனி வாயில் படவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆகவே இன்று பறியைக் கயிற்றால் இடுப்பில் கட்டியிருந்தாள்.

பறி மிதந்தது. கவிழ்ந்தது. பிடித்த ஏழு இறால்களில் ஐந்து துள்ளிப் போயின.

அருகில் துழாவிக்கொண்டிருந்த நாத்தனார் காத்தாயி, தன் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி, எறா புடிக்கிறியா, தெப்பம் உடுறியா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. புண் எரிந்தது.

முன்பெல்லாம் தண்ணீரின் நிலையை நாக்கே அவளுக்குச் சொல்லிவிடும். கரித்தால் கடல் ஏறியிருக்கிறது. சப்பென்றிருந்தால், மேற்கே ஏரி நிரம்பிக் கால்வாய் வழியே மழைநீர் இறங்கியிருக்கிறது. அதற்குத் தக்கபடி இடம் மாறுவாள்.

ஏரி இப்போது இல்லை. அங்கே எண்ணூறு வீடுகள் நிற்கின்றன.

கால்வாய் இருக்கிறது. மழையே இல்லாத மாதத்திலும் ஓடுகிறது. தள்ளிக்கொண்டு போக வெள்ளம் வராததால் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டது. வந்தது எதுவும் வெளியேறுவதில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பறியைச் சந்தையில் எவரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

கயிற்றை அவிழ்த்தாள்.

பறியைப் பற்களால் கவ்வினாள்.

ஒரு மிடறு உள்ளே போயிற்று. எலுமிச்சை மணம்.

அந்த மணம் அவளுக்குத் தெரியும். எண்ணூறு வீடுகளில் ஒன்றில், நான்காம் மாடியில், நாள்தோறும் பிற்பகலில் பாத்திரம் துலக்குபவள் அவள்தான். நேற்றும், எலுமிச்சைச் சோப்பின் நுரை போகட்டும் என்று குழாயை நெடுநேரம் திறந்துவிட்டிருந்தாள்.

துப்பவில்லை. வாயைத் திறந்தால் பறி விழுந்துவிடும்.

குனிந்து, மறுபடியும் சேற்றைத் துழாவினாள்.

உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய் முடிகிறது என்று, கால்வாய்க் கரையோரமாக ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். அவள் அங்கே இருப்பாள். அவளிடம் ஒன்றும் கேட்காதீர்கள். வாயில் பறி இருக்கும். நீங்கள் பதில் சொல்லுங்கள்.