வாசிக்கப்படாத இரண்டாம் ஓலை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு வழக்கம். அந்தக் கடற்கரை ஊரில் திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், மணமக்களின் பெயர்களைத் தேவாலயத்தில் அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். தடை ஏதேனும் அறிந்தவர் பங்குத்தந்தையிடம் சொல்லியாக வேண்டும், மறைப்பது பாவம்.

அனிஷுக்கும் லிஜாவுக்கும் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. மஸ்கட்டில் உடன் வேலை செய்யும் அஞ்சுவை அனிஷ் முன்பே பதிவுத் திருமணம் செய்தவன் என்று யாரோ பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டார்கள்.

மணவிலக்குக் கோரி நாகர்கோவில் வழக்கறிஞர் பிரிஜாவிடம் சென்றபோது, அவரிடம் மட்டுமே அனிஷ் அதைச் சொல்லியிருந்தான்.

அவன் தன் தாய் வேளாங்கண்ணியுடன் பிரிஜாவின் அலுவலகத்திற்குள் நுழைந்தான்.

"இது எனக்க அம்மை. சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன்."

பிரிஜா தலையசைத்து நாற்காலியைக் காட்டினார்.

"பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதியாச்சு. கட்சிக்காரனுக்க ரகசியத்த வெளிய விட்ட வக்கீல் நீங்க."

"நான் சொல்லல்ல, அனிஷ்."

"விவாகரத்து ஆகாம கெட்டுனா குற்றம்னு அன்னைக்கே சொன்னியல்லியா? நான் கேக்கல்ல. அதான் பாதர்கிட்டப் போயிட்டிய."

"உங்ககிட்டச் சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லல்ல."

"பின்ன கடல்ல கெடக்க மீனா வந்து சொல்லிச்சு?"

அனிஷ் கையிலிருந்த புகார்க் காகிதத்தை மேசையில் விரித்தான்.

"அஞ்சு மஸ்கட்ல இருக்கா. ஓலை வாசிச்சதே அவளுக்குத் தெரியாது. மிச்சம் நீங்களும் நானும். இங்க வேற யாராவது வந்து கேட்டாங்களா? அதையாவது சொல்லுங்க."

"இந்த அறைக்கு வாறவங்களப் பத்தி நான் பேசமாட்டேன்."

"பாத்தியா அம்மா, வாயடைச்சுப் போச்சு."

வேளாங்கண்ணி, சுவரில் தொங்கிய கறுப்புக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அனுப்புனா இவியளுக்குக் கவுன் போயிருமா மக்களே?"

"போட்டும். எனக்குக் கல்யாணம் போவல்லியா? இதுல ஒரு ஒப்பு போடு."

வேளாங்கண்ணி பேனாவை வாங்கினார். காகிதத்தின் மேல் பிடித்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டார்.

"கண்ணாடி எடுக்கல்ல மக்களே."

"ஒப்பு போட எதுக்குக் கண்ணாடி?"

"அவங்கள விடுங்க, அனிஷ்," என்றார் பிரிஜா. "சாட்சி இல்லாமலும் புகார் அனுப்பலாம். நீங்களே அனுப்புங்க."

அனிஷ் அன்றே அனுப்பினான்.

சென்னையில் நடந்த விசாரணையில் பிரிஜா, "நான் சொல்லவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேறு யாருக்குத் தெரிந்திருக்கும் என்று குழுவினர் இருமுறை கேட்டார்கள். வழக்கறிஞர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படலாம் என்றும் எச்சரித்தார்கள். அப்போது, மகனுக்காகச் சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்டிருந்த வேளாங்கண்ணி எழுந்தார்.

அதன்பின் உறுதியானவை இவை.

புகார் தள்ளுபடி செய்யப்பட்டது. லிஜாவுக்கு மறு ஆண்டு வேறொருவருடன் மூன்று ஓலைகளும் வாசிக்கப்பட்டன. மாடியில் நின்று அஞ்சுவிடம் அனிஷ் மணவிலக்கையும் வழக்கறிஞர் பிரிஜாவையும் பற்றித் தொலைபேசியில் பேசியதைக் கேட்டுவிட்டுப் பங்குத்தந்தையிடம் சென்றவர், அவனைப் பெற்ற வேளாங்கண்ணி. அதற்கு முந்தின நாளே அவர் தனியாக வந்து, "கேட்டது உள்ளதுதானா?" என்று பிரிஜாவிடம் விசாரித்திருக்கிறார், விடை கிடைக்கவில்லை. "நான் வந்தது எனக்க மவனுக்குத் தெரியாண்டாம்" என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

குழுவின் முன் அவர் சொன்ன கடைசி வாக்கியமும் பதிவாகியிருக்கிறது:

"ஒருநாள் வந்த எனக்க பேச்சையே இம்புட்டு தூரம் காத்தவிய, இவனுக்க பேச்சையா வெளிய விட்டிருப்பாவ?"