பதிமூன்றாவது ட்யூப்

"மறுபடியும் ரத்தமா? போன தடவை எடுத்தத கீழ கொட்டிட்டியாம்மா?"

ரத்தம் எடுக்கத் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்த குப்பம்மாள் கேலியாகத்தான் கேட்டார். அன்புச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னை ஆய்வகத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி, திண்டிவனம் தாண்டி, நெடுஞ்சாலையோரத்து இந்த ஊருக்கு வந்திருந்தாள்.

"கொட்டலம்மா. ஒரு ட்யூப் ரத்தம் இன்னொண்ணுல கலந்துடுச்சுன்னு நினைக்கிறேன். தப்பு என்னோடதுதான்."

முப்பத்துநாலு வருடங்களுக்கு முன்பு இந்த ஊர் அருகே ஒரு கெமிக்கல் லாரி கவிழ்ந்தது. வயலில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் புகை சூழ்ந்தது. அவர்களில் கர்ப்பமாக இருந்தவர்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர்களின் ரத்தத்தைத்தான் அன்புச்செல்வி ஐந்து வருடமாக ஆராய்கிறாள்.

பதினோரு பேர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசி ஆளான தென்னரசு கையை நீட்டினான்.

"எங்க ரத்தத்துல அப்டி இன்னாதான் கீது மேடம்?"

"எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு உடம்பே பூட்டு போட்டு வெச்சிருக்கும். உங்க பன்னெண்டு பேருக்கும் ஒரே இடத்துல, திறக்கவே முடியாத ஒரு பூட்டு விழுந்திருக்கு. அம்மா வயித்துல இருக்கும்போதே."

"அதனால எங்களுக்கு இன்னா கெட்டுப்போச்சி?"

"அதான் தெரியல. சுகர், பிரஷர், ஆஸ்துமா எல்லாம் கேட்டுட்டேன். நீங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க."

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதுள்ள, அந்தப் புகைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். ஆய்வகத்தில் பலரும் செய்வதைப் போல அவளும் தன் ரத்தத்தையே எடுத்துப் பதிமூன்றாவது ட்யூபில் வைத்திருந்தாள். அதிலும் அதே பூட்டு! அடுத்த வாரம் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். இன்றைக்குச் சரிசெய்யாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் குப்பைக்குத்தான் போகும்.

பையில் கைபேசி அதிர்ந்தது. அம்மா ஜெசிந்தா. காலையிலிருந்து இது ஏழாவது முறை. இந்த ஊருக்கு மட்டும் போகாதே என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் அழுகிறார். அன்புச்செல்வி எடுக்கவில்லை.

"பன்னெண்டு இல்லம்மா, பதிமூணு" என்றார் குப்பம்மாள் திடீரென்று. "எனக்கும் ஒண்ணு பொறந்துச்சி."

அன்புச்செல்வி நிமிர்ந்தாள்.

"திண்டிவனத்துலதான் பிரசவம். எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள செத்துப்போச்சின்னுட்டாங்க. பொகையால மூஞ்சி ஒரு மாதிரி கீது, தொறந்து பாக்காதீங்கன்னு நர்ஸம்மா துணியில சுத்திக் குடுத்தாங்களாம். எங்க வூட்டுக்காரரு அப்டியே கொண்டாந்து ஏரிக்கரையில பொதைச்சிட்டாரு. கையில கனமே இல்லடி, வெறும் துணி மாதிரி இருந்துச்சிடின்னு சாவற வரைக்கும் பொலம்பிக்கினே இருந்தாரு."

அந்த மத்தியான வெயிலிலும் அன்புச்செல்விக்கு உடம்பு சிலிர்த்தது.

குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அடுப்புல பாலு கீது. டீத்தூளு வாங்கினு ஜல்தியா வந்துடறேன்."

அவர் போனதும் வீடு ஓய்ந்துவிட்டது. மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அன்புச்செல்வி தென்னரசுவின் ரத்தத்தை எடுத்து, பெயர் எழுதி, மூன்று முறை சரிபார்த்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு தன் கையிலேயே ரப்பரைக் கட்டி, ஊசியைக் குத்தி, பதிமூன்றாவது ட்யூபை நிரப்பினாள். இந்த முறை கலந்துபோக வழியே இல்லை. அப்போதுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

"ஐயையோ!"

வாசலில் அலறல். குப்பம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினார். சிலிண்டரை மூடும் சத்தம், ஜன்னல்கள் படபடவென்று திறக்கும் சத்தம்.

"பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சிபோயி வூடு பூரா கேஸு! தெருமுனை வரைக்கும் நாறுதே! உள்ளயே குந்திக்கினு இருக்கீங்களே!"

தென்னரசு திருதிருவென்று விழித்தான்.

"அவன வுடு. அந்தப் பொகையில பொறந்ததுங்க ஒண்ணுக்கும் வாசனைன்னா இன்னான்னே தெரியாது" என்ற குப்பம்மாள், அன்புச்செல்வியை உற்றுப் பார்த்தார். "ஒனக்கு இன்னாம்மா ஆச்சி?"

'எனக்குப் பிறவியிலேயே சைனஸ்' என்று வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தாள் அன்புச்செல்வி. அம்மா சொல்லிக்கொடுத்த பதில் அது. சொல்ல முடியவில்லை. கையிலிருந்த ட்யூபில் அவள் ரத்தம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

பையில் கைபேசி எட்டாவது முறையாக அதிர்ந்தது. திண்டிவனத்தில் முப்பது வருடம் பிரசவ வார்டு நர்ஸாக இருந்த அம்மாதான் அழைத்துக்கொண்டிருந்தார்.