சொன்னபடி கேட்ட விமானம்

ஜெட் தார்ச்சாலையை விட்டு எழும்பியபோது, பூபாலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் இறக்கையைத்தான் பார்த்தான்.

வளையவில்லை.

காங்கேயம் சாலையில் இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத லேஅவுட் அது. நடுவே நீளமாகக் கிடந்த சாலைதான் இன்றைக்கு ரன்வே.

ரிமோட்டில் ஓடும் மாடல்தான். ஆனால் ஓர் ஆள் படுத்தால் அவனைவிட நீளம். வயிற்றுக்குள் மண்ணெண்ணெய் குடிக்கும் குட்டி எஞ்சின்.

முன்பொரு தரம், பறக்க விடாமல் சும்மா ஓட்டிப் பார்த்ததற்கே, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் விரிசல் விட்டது. வீட்டு மாடியில் வைத்து மொத்தத்தையும் பிரித்தான் பூபாலன். இந்த இறக்கையிலிருந்து அந்த இறக்கை வரைக்கும் கார்பன் குழாயைச் செருகினான். மேலே கார்பன் துணியைச் சுற்றிப் பசை ஏற்றினான். பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கும் அவன் மனைவி சித்ரகலாதான் அந்தத் துணியை நூல் பிரியாமல் வெட்டிக் கொடுத்தாள்.

பசை இறுகியதும் விமானத்தைக் கவிழ்த்து, இறக்கைமேல் பனியன் பண்டல்களை அடுக்கினார்கள். நண்பன் பிரபாகர் அதற்கும் மேலே கையை ஊன்றி அழுத்தினான். இறக்கையிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

நண்பர்கள் இரண்டு பேரில் நன்றாகப் பறக்கவிடத் தெரிந்தவன் பிரபாகர். இருந்தாலும் காலையில் அவனேதான் ரிமோட்டை நீட்டினான்.

"மொதத் தடவ நீங்கதானுங்ணா ஓட்டோணும். நான் பின்னால நின்னு சொல்றேன்."

சொல்லிக்கொண்டும் இருந்தான். லெஃப்ட் எடுங்ணா. போதும், நேராப் புடிங்க.

பூபாலன் ரிமோட்டின் குச்சியைச் சாய்த்தான். ஜெட் சாய்ந்தது. தென்னந்தோப்புகளுக்கு மேலே ஒரு வட்டம். அவன் கண்ணில் நீர் கட்டியது.

இரண்டாவது வட்டத்தில் தாழ இறங்கி, சாலையை ஒட்டிச் சீறிக்கொண்டு வந்தது. அப்போது அவனுடைய வலது கட்டைவிரல் துள்ளியது.

குச்சி கடைசிவரை போய் முட்டியது.

அந்த வேகத்தில் விமானம் புரண்டு தரையில் சிதறியிருக்க வேண்டும்.

அது நூல் பிடித்தாற்போல நேராகப் போனது.

சிக்னல் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சாலை முடிகிற இடத்தில் ஜெட் மூக்கைத் தூக்கி, அழகாகத் திரும்பியது.

சிக்னல் அறுந்த விமானம் அப்படித் திரும்பாது.

இரண்டு விரல்களையும் குச்சிகளிலிருந்து எடுத்தான். ஜெட் இன்னும் உயரே ஏறியது.

அந்த விரல் பொங்கலுக்கு முன்னாலிருந்தே துள்ளுகிறது. கோயம்புத்தூர் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், இனிமேல் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பூபாலன் கெஞ்சினான்.

"பிரபாவுக்குத் தெரிஞ்சா ரிமோட்டக் கையில தரமாட்டான் அம்மிணி. ஆருகிட்டயும் சொல்லீராத."

சித்ரகலா தலையாட்டினாள். அந்த விரலை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். வீடு வரும்வரை விடவே இல்லை.

அந்தப் பஸ்ஸில் அதைப் பேசிக்கொண்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். தெரிந்தவர்களும் இரண்டு பேர்தான்.

பூபாலன் ரிமோட்டைத் தார்மேல் வைத்துவிட்டு மெதுவாகத் திரும்பினான்.

கார் நிழலில் பிரபாகர் நின்றிருந்தான். கையில் இன்னொரு ரிமோட், விரல்கள் அதன் குச்சிகளில். கண் வானத்தில். "லெஃப்ட் எடுங்ணா," என்றது அவன் வாய்.

பக்கத்தில் சித்ரகலா. அவள் விமானத்தைப் பார்க்கவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை.

நடுக்கமே இல்லாத பிரபாகரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.