சிரிப்புப் பஞ்சாயத்து

"அந்த ரூமைக் காலி பண்ணச் சொல்லிடலாம்," என்றார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சைக்காலஜிஸ்ட், தரைத்தளத்தில் ஆலோசனை அறை திறந்ததுதான் விவகாரம். அவளும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

கண்ணைப் பார்த்தாலே மனசைப் படித்துவிடுவாளாம் என்று முதல் மாடி அம்மா லிஃப்ட்டில் கறுப்புக் கண்ணாடி போட ஆரம்பித்து நாளாகிறது. இப்போதும் போட்டிருந்தார். ரிட்டயர்டான கணக்கு வாத்தியார், அவள் லிஃப்ட்டில் ஏறினால் மனசுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வாராம். படித்தால் அதைப் படிக்கட்டும் என்று.

குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் பைத்தியம் ஏதாவது வந்து கடித்து வைத்தால் யார் பொறுப்பு என்று ஒரு குரல் கேட்டது. இதுவரை வந்தவர்கள் குடையை மறந்துவிட்டுப் போனதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றார் வாட்ச்மேன். அவரை யாரும் கேட்கவில்லை.

"அதெல்லாம்கூட விடுங்க," செயலாளர் தொண்டையைச் செருமினார். "நான் தனியா இறங்கினா வாயெல்லாம் பல்லா 'குட்மார்னிங் சார்'. என் சம்சாரத்தோட இறங்கினா மட்டும் சுவரைப் பார்த்துக்கிட்டுப் போறாங்க. பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பார்த்துக்கூட ஒருநாளும் சிரிச்சதில்ல," என்று வக்கீலும் சேர்ந்துகொண்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி மட்டும் வேறு பக்கம் பார்த்தது.

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தப்பு என்னுதுதான். மாசக் கடைசியில காலி பண்ணிடறேன்."

"காரணத்தைச் சொல்லுங்கம்மா," என்றார் செயலாளர்.

"காரணம் ஒண்ணும் இல்லை சார்."

சரி, முடிந்தது என்று செயலாளர் எழுந்தபோது, பின்வரிசையிலிருந்து அவர் மனைவியும் எழுந்தாள்.

"ஏங்க, அவங்ககிட்ட ஆலோசனைக்குப் போறவங்களை வெளியில பார்த்தா, தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டாங்க. போறது நாலு பேருக்குத் தெரிய வேணாம்னுதான். அது அவங்க தொழில் முறை. முதல் நாளே சொல்லிட்டாங்க."

"யார்கிட்ட சொன்னாங்க?"

"என்கிட்டதான். கொஞ்ச நாளாவே போயிட்டிருக்கேன். தூக்கம் வரலைன்னு முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். நீங்க மொபைலைப் பார்த்துக்கிட்டே 'ம்'னீங்க."



வக்கீல்தான் முதலில் சுதாரித்தார். "என்னைப் பார்த்தா நல்லாவே சிரிப்பாங்க. தினமும்."

ஆளாளுக்கு, தன்னைப் பார்த்தும் அப்படித்தான் என்றார்கள். அறையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் செயலாளர் படியிறங்கினார். தனியாகத்தான். எதிரே அவள் ஏறி வந்தாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள்.