நடுச்சுவர்

“மச்சி, இத்த வுட்டுட்டு அந்தப் படத்தையா குடுத்தே? கண்ணு கிண்ணு சரியாத்தான கீது உனக்கு?”

ஆசிஃப் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கதிரேசன் பார்க்கவில்லை. அவனுக்கு அந்தப் படம் தெரியும்.

அன்று காலை அவன் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். வேளச்சேரியில் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கி, ஆழ்வார்பேட்டைக்கு நடந்தான். மாதத்தின் முதல் ஞாயிறு போட்டோ கிளப் கூடும் மாடி அறைக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு வந்திருந்தான். வருடாந்தரக் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நாள்.

நடுச்சுவர் யாருக்கு என்பதுதான் கேள்வி. உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கிற சுவர். அதில் ஆறடிக்கு ஒரே ஒரு படம். ஐந்து வருடமாகக் கோபுரமும் கடலும்தான் அங்கே தொங்கின. கதிரேசன் முகங்கள் மட்டுமே எடுப்பவன். இந்த முறை அந்தச் சுவர் தனக்கு வேண்டும் என்று, வந்ததும் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

அவன் கொடுத்தது, ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் முகம். பட்டறைக்குள் இருட்டு. வாசல் வெயில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் பட்டு முகத்துக்குத் திரும்பியிருந்தது. இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளைச் சதுரம்.

பென் டிரைவில் அதற்கு அடுத்த படமும் இருந்தது. அதைத்தான் ஆசிஃப் கண்டுபிடித்திருந்தான்.

“ஆபா, நீங்களே பாருங்க.”

கைசர் ஜஹான் தேர்வுக் குழுத் தலைவி. ஆசிஃபுக்கு ஆபா, மற்றவர்களுக்கு மேடம். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

இரண்டாவது படத்தில் வெளிச்சம் பாதி முகத்தில்தான் இருந்தது. வெள்ளைச்சாமி கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி எதையோ பார்த்தார். ஏதோ சொல்ல வாய் திறந்திருந்தது.

“யா அல்லாஹ்! என்ன முகம் இது! கதிரேசன், அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல மேடம்.”

“டபாய்க்காத மச்சி,” என்றான் ஆசிஃப். “நான் ஒரு மாப்பிள்ளைய சிரிக்க வைக்க அரை மணி நேரம் மொக்க ஜோக்கா சொல்லிக்கினு கெடக்குறேன். இவன் ஒண்ணும் சொல்லலையாம், அந்த ஆளு இப்டி நடிக்கிறாராம்.”

“அவர் நடிக்கல.”

“அதான் நானும் சொல்றேன்! லைட்டு பாதி கட்டாயி கீது பாரு. எப்டி பண்ணே? ஸ்டாண்டுல மாட்டினியா?”

“ஸ்டாண்டு இல்ல. ஆள்தான்.”

“அப்ப தெர்மாகோல் சாஞ்சிடுச்சா?”

“ஆமா. சாஞ்சிடுச்சு.”

“சாஞ்சதுக்கே இப்டியா! மச்சக்காரன் மச்சி நீ.”

கைசர் ஜஹான் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நடுச்சுவர் இதுக்குத்தான். வேற பேச்சே இல்ல.”

“முதல் படம், மேடம்.”

“முதல் படம் நல்லா இருக்கு, இல்லன்னு சொல்லல. அந்த மாதிரி முப்பது வந்திருக்கு. ரெண்டாவதுன்னா நடுச்சுவர். முதல்தான்னு புடிவாதம் புடிச்சா, மாடிப்படி ஓரம் ஃபேனுக்குப் பின்னாடி ஒரு இடம் காலியா இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன். ரெண்டாவது வெளிய வராது. முதல் படம், நடுச்சுவர்.”

ஆசிஃப் சிரித்தேவிட்டான். “இன்னா தெனாவெட்டு பாருங்க ஆபா இவனுக்கு!”

“காரணம் சொல்லுங்க,” என்றார் அவர்.

“முதல் படத்துல வெளிச்சம் சரியா இருக்கு. துளிகூட ஆடல. பத்து வருஷமா முகம் எடுக்குறேன் மேடம். இதவிட நல்லா யாரும் வெளிச்சம் புடிச்சு நான் பாத்ததில்ல.”

“தெர்மாகோல் புடிச்ச ஆளுக்கா இவ்ளோ பில்டப்பு?” ஆசிஃப் மவுசைத் தட்டினான். திரையின் ஓரத்தில் படத்தின் விவரங்கள் விரிந்தன. “இதப் பாரு. ரெண்டுக்கும் நடுவுல ஆறே செகண்டு. அதுக்குள்ள இன்னாதான் ஆச்சு?”

கைசர் ஜஹான் அந்த நேரத்தைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த, எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆசிஃப், லேப்டாப்ப மூடு.”

“ஆபா?”

“மூடுப்பா. முதல் படம்தான். நடுச்சுவர்ல.”

“இப்பதான ஃபேனுக்குப் பின்னாடின்னீங்க!”

அவரே கையை நீட்டி லேப்டாப்பை மூடினார். கதிரேசன் பென் டிரைவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“மேட் பேப்பர்ல பிரிண்ட் போடுங்க மேடம். பளபளப்பு வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தது, அட்டையோடு சரிந்த கதிரேசனின் மனைவி செண்பகத்தை. ஆஸ்பத்திரி வாசல்வரைகூட அவள் உயிர் தாங்கவில்லை. அந்த ஆறு செகண்டுக்குள், அட்டையைத் தூக்கிப் பிடித்த அசதி என்று நினைத்து, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று பதில் கொடுத்தது, அவள் கடைசியாகச் சொன்ன இந்த வார்த்தைக்கு: “ஏங்க, இடது கை மட்டும் வலிக்குது.”