எரியாத பல்பு

"வண்டி ஓடுறப்போ பேட்டரியில பதினாலு வோல்ட் வரணும்மா. பன்னிரண்டையே தாண்டல. லூஸா இருந்த ஒயரையும் முறுக்கிட்டேன், சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரும் நல்லாத்தான் இருக்கு," என்றார் மெக்கானிக், பழைய காரின் பானெட்டுக்குள் குனிந்தபடி.

"போன மாசம் டேஷ்போர்டுல ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு எரிஞ்சுச்சு. நான் பயந்து நச்சரிச்சேன். இவர்தான் சரி பண்ணினார். அப்புறம் எரியவே இல்லை," என்றாள் அவள், பெருமையாக.

கணவர் ஸ்டூலில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்து, "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கமே வந்தது.

டேஷ்போர்டைக் கழற்றிய மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"நல்ல ரிப்பேர் சார்! பல்பையே பிடுங்கிட்டீங்களா? இந்த மாடல்ல அந்த பல்பு வழியா கரண்ட் போனாத்தான் சார்ஜே ஏறும்."

"இவ பயந்துக்கிட்டே இருந்தா... அதான்," என்று இழுத்தார் கணவர்.

புது பல்பு போட்டதும் மீட்டர் பதினாலு காட்டியது. அவள் கண்கள் கணவரின் தொளதொளத்த சட்டைக் காலரிலேயே நின்றுவிட்டன.

"ஏங்க, வீட்டுக்குப் போனதும் அந்த ரிப்போர்ட்டை என் கையில குடுக்கிறீங்களா?"