பஸ்ஸில் போனவள்

"ஏண்டி மலரு, காலு முடியாத புருசன நடக்க விட்டுட்டு நீ மட்டும் பஸ்ல போறியே, இது ஒனக்கே நல்லா இருக்கா?"

பக்கத்து வீட்டுக் காசியம்மா மட்டுமில்லை, மீனவர் குப்பமே அதைத்தான் கேட்டது.

மலர்க்கொடி மீன்கூடையோடு பஸ் ஏறினாள். ரோட்டோரம் நின்ற அவள் புருசன் நீலமேகம், பஸ் போன திசையை முறைத்துவிட்டு நடந்தான்.

குப்பத்தைப் புயலடித்த மறு வருஷம் அவன் கால்விரல் ஒன்று கருத்துப்போய், ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"எல்லாம் பீடி செஞ்ச வேலைய்யா. கால்ல ரத்தம் ஓடுற குழாய் சுருங்கி அடைச்சுக்கிச்சு. இன்னொரு பீடி பத்த வச்சே, முழங்காலோட போயிரும். தெனமும் நடக்கணும். வலிச்சா நில்லு, வலி விட்டதும் நட. நடக்க நடக்கத்தான் பக்கத்துல இருக்கிற சின்னக் குழாயெல்லாம் வழி விடும்."

அன்றைக்கே பீடிக்கட்டை அடுப்பில் போட்டாள் மலர்க்கொடி. மறுநாள் கோட்டுச்சேரிக்கு வலை பின்னக் கிளம்பியவனிடம், "நடந்தே போங்க" என்றாள்.

"நீயும் கூட வாயேன்."

"எனக்கு அங்க சந்தையில யாவாரம் இருக்கு. நான் பஸ்ல போறேன்."

கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலித்தது. மதகில் உட்கார்ந்தான். எதிரே சேக் பரீது கடை. கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில் பீடிக்கட்டு.

"பாய், ஒண்ணே ஒண்ணு..." வாய்வரை வந்துவிட்டது.

திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறியவளின் முதுகு கண்முன் வந்தது. 'இவன் அவ்வளவுதான்னு முடிவு கட்டிட்டியா? பாருடி, நடந்து காட்டுறேன்!'

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

அந்த வீம்புதான் அவனை நடத்தியது. மாசி வெயிலிலும் நடந்தான், ஆடிக் காற்றிலும் நடந்தான். மதகில் உட்காருவது நின்றது. பீடி நினைப்பும் போயிற்று.

ஐப்பசியில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "நல்லா சூடா இருக்கே! பொழச்சுதுய்யா ஒன் காலு."

திரும்பும்போது பஸ்ஸில் வந்தான். சந்தோஷம் தாங்காமல் கண்டக்டரிடம் சொன்னான்.

"தனியாவே நடந்து காலக் காப்பாத்திக்கிட்டேங்க. பொண்டாட்டி ஒரு நாள் கூட வரல. ஒங்க பஸ்ல சொகமா போயிட்டா."

தினமும் ரோட்டில் நடக்கிறவனை அடையாளம் தெரிந்துகொண்டு, கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"யாரு, மீன்காரம்மாவா? அது என்னிக்குங்க கோட்டுச்சேரி வரைக்கும் வந்துச்சு? தெனம் அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிரும். தோப்புல ஒதுங்கி நின்னு, ஒங்கள முன்னால போக விட்டு, கூடையச் சொமந்துகிட்டுப் பின்னாலயே நடக்கும். ஏம்மா இப்படின்னு கேட்டேன். 'கூட நடந்தா தோள்ல சாஞ்சிருவாருங்க. வுட்டுட்டுப் போனா, வுழுந்தா தூக்க ஆளில்ல'ன்னுச்சு."